வைத்திருப்பவரைக் கேளுங்கள்!
பாக்கார்டு கார் நிறுவனத்தின் வாழ்வும் வீழ்ச்சியும் – ஒரு மதிப்பீடு

வீட்டுக்கு ஒரு தையல் எந்திரமோ, கிணற்றுக்கு ஒரு பம்புசெட்டோ வாங்க நினைக்கிறீர்கள். முதலில் என்ன செய்வீர்கள்? கடைக்காரர் சொல்வதைக் கேட்பீர்கள்; விளம்பரத்தையும் பார்ப்பீர்கள். ஆனாலும் மனம் அமைதி கொள்ளாது. அதே எந்திரத்தை நாலைந்து ஆண்டாக வைத்திருக்கும் ஒருவரைத் தேடிச் சென்று, “எப்படி உழைக்கிறது?” என்று கேட்ட பிறகே பணப்பையைத் திறப்பீர்கள்.

மக்களின் இந்த இயல்பான வழக்கத்தையே தன் விளம்பர வாசகமாக்கிக்கொண்ட ஒரு நிறுவனம் அமெரிக்காவில் இருந்தது. பாக்கார்டு என்பது அதன் பெயர். “எங்கள் காரை வைத்திருப்பவரைக் கேளுங்கள்” – இவ்வளவுதான் அந்த வாசகம். குதிரைத்திறனைப் பற்றியோ வேகத்தைப் பற்றியோ அதில் ஒரு சொல்லும் இல்லை. 1901 முதல் அரை நூற்றாண்டுக்கு மேல் இந்த வாசகம் அந்தக் காரின் பெயரோடு ஒட்டியே வந்தது. ஒரு காலத்தில் அமெரிக்காவின் உயர்விலைக் கார்ச் சந்தையில் பாக்கார்டுக்கே முதலிடம். 1958-க்குப் பிறகு அந்த நிறுவனம் அந்தப் பெயரில் ஒரு காரும் செய்யவில்லை.

ஏன்? வைத்திருப்பவரைக் கேட்கச் சொன்ன நிறுவனம், வைத்திருந்தவர்களாலேயே கைவிடப்பட்டது எப்படி? ‘வைத்திருப்பவரைக் கேள்’ என்னும் அறிவுரை அறிவியல் நோக்கில் எந்த அளவுக்குச் சரியானது? இவ்விரு கேள்விகளையும் சேர்த்தே இக்கட்டுரையில் ஆராய்வோம்.

குறை சொன்ன வாடிக்கையாளர்

ஒஹையோ மாநிலத்தில் வாரன் என்றொரு சிற்றூர். அங்கே ஜேம்ஸ் வார்டு பாக்கார்டு என்னும் எந்திரப் பொறியாளரும் அவருடைய அண்ணன் வில்லியமும் மின்விளக்கு முதலிய மின்கருவிகளைச் செய்யும் தொழிலை 1890 முதல் நடத்தி வந்தனர். ஜேம்ஸ் பாக்கார்டு லீஹை பல்கலைக்கழகத்தில் 1884-இல் பட்டம் பெற்றவர். எந்திரங்களில் தீராத ஆர்வம் உள்ளவர். 1898-இல் அவர் கிளீவ்லாந்து நகரில் அலெக்சாண்டர் விண்டன் என்பவர் செய்து விற்ற கார் ஒன்றை விலைக்கு வாங்கினார். மோட்டார் கார் என்பதே புதுமையாக இருந்த காலம் அது.

வாங்கிய கார் ஊர் வந்து சேருவதற்குள் வழியிலேயே பழுதாகி நின்றுவிட்டது. அதன்பின்னும் ஒன்று மாற்றி ஒன்றாகத் தொல்லைகள். பாக்கார்டு கிளீவ்லாந்துக்குப் போய்க் குறைகளைச் சொன்னார். சில திருத்தங்களையும் எடுத்துக் கூறினார். விண்டனுக்குக் கோபம் வந்துவிட்டது. “அவ்வளவு தெரிந்தவரானால் நீரே ஒரு கார் செய்துகொள்ளலாமே!” என்றாராம். இருவரும் பேசிய சொற்கள் அப்படியே இவைதாமா என்பது வேறு; கார் வரலாற்றில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் கதை இது.

கதையின் முடிவு மட்டும் உறுதியானது. பாக்கார்டு உண்மையிலேயே ஒரு கார் செய்தார். விண்டனின் நிறுவனத்தோடு தொடர்புடைய இருவரையே தம்மோடு சேர்த்துக்கொண்டார். 1899 நவம்பர் 6-ஆம் நாள் ஒற்றைச் சிலிண்டர் கொண்ட முதல் பாக்கார்டு கார் வாரன் நகரத் தெருக்களில் ஓடியது. அந்தக் கார் பின்னர் அவர் படித்த லீஹை பல்கலைக்கழகத்துக்கே அளிக்கப்பட்டது.

ஆக, இந்த நிறுவனம் ஒரு வாடிக்கையாளரின் மனக்குறையில் பிறந்தது. தயாரிப்பாளர் காது கொடுக்காத இடத்தில் புதிய தயாரிப்பாளர் ஒருவர் தோன்றினார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் முடிவில் இந்த இடத்துக்கே திரும்பி வருவோம்.

சொந்தச் சோதனையின் காலம்

தங்கள் காரின் விவரங்களைக் கேட்டு ஒருவர் எழுதிய கடிதத்துக்கு என்ன பதில் எழுதுவது என்று செயலாளர் கேட்டபோது, “வைத்திருப்பவரைக் கேட்கச் சொல்லுங்கள்” என்று ஜேம்ஸ் பாக்கார்டு கூறியதிலிருந்தே அந்த விளம்பர வாசகம் பிறந்தது என்பர். துணிச்சலான பதில்தான். காரில் குறை இருந்தால் இந்த வாசகமே நிறுவனத்தைக் கவிழ்த்துவிடும் அல்லவா?

அந்தத் துணிவுக்கு அடிப்படை இருந்தது. 1902-இல் ஹென்றி ஜாய் முதலிய டெட்ராய்ட் செல்வர்கள் முதலீடு செய்ய, மறு ஆண்டு நிறுவனம் டெட்ராய்ட் நகருக்குப் பெயர்ந்தது. அதே 1903-இல் டாம் பெட்ச் என்பவர் ஒற்றைச் சிலிண்டர் பாக்கார்டு கார் ஒன்றை சான் பிரான்சிஸ்கோவிலிருந்து நியூயார்க் வரை ஓட்டிச் சென்றார். நல்ல சாலை இல்லாத மலைகளையும் மணல்வெளிகளையும் கடந்து அந்தப் பயணம் 61 நாட்களில் முடிந்தது. விளம்பரத்துக்காகச் செய்யப்பட்ட பயணமே ஆயினும், காருக்கு அது கடுமையான சோதனையும் ஆயிற்று.

1915-இல் ஜெஸ்ஸி வின்சென்ட் என்னும் தலைமைப் பொறியாளரின் திட்டப்படி ‘இரட்டை ஆறு’ என்ற பன்னிரண்டு சிலிண்டர் கார் வெளிவந்தது. பன்னிரண்டு எதற்கு? நான்கு வீச்சு எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும், கிராங்குத் தண்டு இருமுறை சுற்றும்போது ஒருமுறைதான் வலு தருகிறது. ஒரே சிலிண்டர் என்றால் உந்தல், பிறகு நீண்ட இடைவெளி, பிறகு மற்றோர் உந்தல் – வண்டி அதிரும். ஆறு சிலிண்டர் இருந்தால் ஒரு சுற்றுக்கு மூன்று உந்தல்கள். பன்னிரண்டு இருந்தால் ஆறு. தண்டு 60 பாகை திரும்புவதற்குள் அடுத்த உந்தல் வந்துவிடுகிறது. ஊஞ்சலை ஒருவர் எப்போதாவது தள்ளுவதற்கும், அறுவர் முறைவைத்துத் தள்ளுவதற்கும் உள்ள வேறுபாடு இது. பெருமளவில் விற்பனைக்குச் செய்யப்பட்ட முதல் பன்னிரண்டு சிலிண்டர் கார் இதுவே எனலாம்.

1917-இல் முதல் உலகப் போருக்காக ‘லிபர்ட்டி’ என்னும் விமான எஞ்சினை வடிவமைத்த இருவரில் வின்சென்ட் ஒருவர். இரண்டாம் உலகப் போரில், இங்கிலாந்தின் ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனத்தின் ‘மெர்லின்’ விமான எஞ்சினைச் செய்துதரும் பொறுப்பும் பாக்கார்டுக்கு வந்தது. 55,000-க்கும் மேற்பட்ட எஞ்சின்களை அது செய்து கொடுத்தது. விமான எஞ்சின் நடுவானில் நின்றால் இறங்கித் தள்ள முடியாது. அத்தகைய பணிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டதே அந்தத் தொழிலாளர்களின் கைத்திறனுக்குச் சான்று.

இவை எல்லாவற்றையும்விட என்னைக் கவர்வது மற்றொன்று. 1920-களின் பிற்பகுதியில், டெட்ராய்ட்டுக்கு வடக்கே யூட்டிக்கா என்னும் ஊருக்கு அருகில் பாக்கார்டு சொந்தமாக ஒரு சோதனைத் திடல் அமைத்தது. இரண்டரை மைல் சுற்றளவுள்ள நீள்வட்டக் கான்கிரீட் ஓடுபாதை, அதன் வளைவுகளில் சரிவு, அதனோடு கரடுமுரடான சோதனைச் சாலைகள் – இவற்றில் கார்களை ஓயாமல் ஓட்டி, எது உடைகிறது, எது தேய்கிறது என்று பார்த்தார்கள். வாடிக்கையாளர் பல ஆண்டுகளில் கண்டுபிடிக்கக்கூடிய குறையைச் சில மாதங்களில் தாமே கண்டுபிடித்துவிட வேண்டும் என்பதே இதன் நோக்கம். ‘வைத்திருப்பவரைக் கேளுங்கள்’ என்ற வாசகத்தைத் தாங்கி நின்ற தூண் இந்தத் திடல்தான் என்பது என் கருத்து. உரிமையாளர் மகிழ்ச்சியாகப் பேசியதற்குக் காரணம், அவர் படவேண்டிய தொல்லையைச் சோதனை ஓட்டுநர் முன்கூட்டியே பட்டுவிட்டார் என்பதாகும்.

அக்காலத்திலும் சறுக்கல்கள் இல்லாமல் இல்லை. 1940-ஆம் ஆண்டு மாதிரியில், எந்திர முறையில் குளிரூட்டும் வசதியைக் காரில் முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்த பெருமை பாக்கார்டுக்கு உண்டு. ஆனால் குளிரூட்டியின் அழுத்தியை எஞ்சினிலிருந்து வேண்டும்போது விடுவிக்க அதில் கிளச்சு இல்லை. எஞ்சின் ஓடும்வரை அதுவும் ஓடும். குளிர்காலத்தில் நிறுத்த வேண்டுமானால் முன்மூடியைத் திறந்து பெல்ட்டைக் கழற்றி வைக்க வேண்டும்! 1941 மாதிரியோடு அதை நிறுத்திவிட்டார்கள். கருத்து சரி, அதை அன்றாடம் கையாளப் போகிறவரின் நிலையிலிருந்து யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

வைத்திருப்பவர் சொல்வது எவ்வளவு உண்மை?

இங்கே சற்று நின்று அந்த விளம்பர வாசகத்தையே ஆராய்வோம். உரிமையாளரின் அனுபவம் மதிப்புள்ள சான்று, ஐயமில்லை. ஆயினும் ஒரு மாணவர் ஆய்வுக்கூடத்தில் அளவீடு எடுக்கும்போது எவ்வளவு எச்சரிக்கையாக இருப்பாரோ, அவ்வளவு எச்சரிக்கை இதற்கும் வேண்டும். இதில் மூன்று பிழைகள் ஒளிந்திருக்கின்றன.

முதலாவது, யாரைக் கேட்கிறோம் என்பது. ‘வைத்திருப்பவர்’ என்றால் இன்னும் வைத்திருப்பவர். வெறுத்துப்போய் விற்றுவிட்டவர் அந்தக் கணக்கில் வரவே மாட்டார். தேர்வில் வென்றவர்களை மட்டும் கேட்டுவிட்டு, “வினாத்தாள் எளிது” என்று முடிவு கட்டுவது போன்றது இது.

இரண்டாவது, அவர் எந்தச் சூழ்நிலையில் வைத்திருக்கிறார் என்பது. 1920-களில் பாக்கார்டு வாங்கியவர்களில் பலர் பெருஞ்செல்வர்கள். காரை ஓட்டவும் துடைக்கவும் எண்ணெய் இடவும் சம்பள ஆள் இருந்தான். கார் சிறு தொல்லை கொடுத்தால் அது முதலாளியின் காதுக்கு எட்டாமலே தீர்ந்துவிடும். காரைப் பற்றிக் கேட்கவேண்டிய ஆள் பின்னிருக்கையில் அமர்ந்தவர் அல்லர், முன்னிருக்கையில் இருந்தவர்.

மூன்றாவதுதான் மிகப் பெரிய பிழை. ஐந்து ஆண்டாக வைத்திருப்பவர் பேசுவது ஐந்து ஆண்டுக்கு முன் செய்த காரைப் பற்றி. நீங்கள் வாங்கப்போவதோ இந்த ஆண்டுக் காரை. வானத்தில் நாம் காணும் விண்மீனின் ஒளி எத்தனையோ ஆண்டுகளுக்கு முன் புறப்பட்டது. இன்று அந்த விண்மீன் எந்நிலையில் இருக்கிறது என்பதை அந்த ஒளி சொல்லாது. நற்பெயரும் அப்படியே. தரம் குறைந்த பின்னும் பெயர் சில ஆண்டுகள் ஒளி வீசும். தரம் மீண்ட பின்னும் கெட்ட பெயர் சில ஆண்டுகள் இருட்டடிக்கும். பாக்கார்டின் வீழ்ச்சியைப் புரிந்துகொள்ள இந்தக் காலத்தாழ்வை மனத்தில் கொள்ள வேண்டும்.

மலிவுக் கார் மேல் சுமத்தப்பட்ட பழி

1935-இல் பாக்கார்டு ‘ஒன்-டுவெண்டி’ என்ற காரை 1,000 டாலருக்கும் குறைந்த தொடக்க விலையில் கொண்டுவந்தது. அதுவரை அதன் கார்கள் பெரும்பாலும் இரண்டாயிரம் டாலருக்கு மேல் விற்றவை. “சாமானியரும் வாங்கும் காரைச் செய்து தன் மதிப்பைத் தானே கெடுத்துக்கொண்டது, அதனால்தான் பாக்கார்டு அழிந்தது” என்று பலர் எழுதியிருக்கிறார்கள். இந்தத் தீர்ப்பை நான் ஏற்கவில்லை.

அந்த ஆண்டுகளின் நிலையை எண்ணிப் பாருங்கள். 1929-இல் தொடங்கிய பொருளாதார மந்தத்தில், விலையுயர்ந்த கார்களை மட்டுமே நம்பிய நிறுவனங்கள் வரிசையாகச் சாய்ந்தன. பீர்லெஸ் 1931-இலும், மார்மன் 1933-இலும், டூசன்பெர்க் 1937-இலும், பியர்ஸ்-ஆரோ 1938-இலும் முடிந்துபோயின. பாக்கார்டு பிழைத்தது, 1937-ஆம் ஆண்டு மாதிரியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைச் செய்தது. ஒன்-டுவெண்டி மலிவான காரே தவிர மட்டமான கார் அன்று. திரவ அழுத்த பிரேக்கும், முன்சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்கும் அமைப்பும் அந்த நிறுவனத்தில் முதலில் வந்தது இந்தக் காரில்தான். வைத்திருந்தவர்கள் அதைப் பற்றி நல்லதே சொன்னார்கள். விலை குறைவதால் மட்டும் பெயர் கெடுவதில்லை.

உண்மையான பிழை போருக்குப் பின் நேர்ந்தது. 1949-இல் காடிலாக் நிறுவனம், வால்வுகள் சிலிண்டருக்கு மேலே அமைந்த புதிய எட்டுச் சிலிண்டர் எஞ்சினைக் கொண்டுவந்தது. பாக்கார்டோ, வால்வுகள் பக்கவாட்டில் அமைந்த பழைய நேர்வரிசை எஞ்சினையே 1954 வரை கட்டிக்கொண்டு இருந்தது. பக்கவாட்டு வால்வு என்றால் எரியறை அகன்று பரந்து கிடக்கும். கலவையை நன்றாக அழுத்த முடியாது. காற்றும் வளைந்து நெளிந்து உள்ளே வரவேண்டும். மேல்வால்வு எஞ்சினில் எரியறை கச்சிதமானது. அழுத்த விகிதத்தை உயர்த்தலாம். அதே பெட்ரோலில் கூடுதல் வலு கிடைக்கும். பாக்கார்டின் பழைய எஞ்சின் அமைதியாக, வழுவழுப்பாக ஓடியது. வைத்திருந்தவர்கள் குறை சொல்லவில்லை. அவர்களுடைய மனநிறைவே நிறுவனத்தைத் தூங்கவைத்தது என்றும் சொல்லலாம். இருப்பதைப் பற்றித்தான் உரிமையாளர் பேசுவார். இல்லாததைப் பற்றி அவருக்கு எப்படித் தெரியும்?

அதே 1949-இல் பாக்கார்டு ஒரு நல்ல செயலும் செய்தது. ‘அல்ட்ராமாட்டிக்’ என்ற தானியங்கிக் கியர் அமைப்பைப் பிற நிறுவனங்களின் உதவியின்றித் தானே உருவாக்கியது. இரண்டு மேசை விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றைச் சுழற்றினால் மற்றதும் சுழலும் அல்லவா? தானியங்கிக் கியரில் காற்றுக்குப் பதில் எண்ணெய் இந்த வேலையைச் செய்கிறது. ஆனால் இரண்டாவது விசிறி எப்போதும் சற்றுப் பின்தங்கும். அந்த வேறுபாடு வெப்பமாக வீணாகிறது. வேகம் வந்தபின் இரண்டையும் ஒரு கிளச்சினால் இறுகப் பூட்டிவிட்டால் இந்த இழப்பு இராது. அல்ட்ராமாட்டிக் அதைத்தான் செய்தது. பல ஆண்டுகளுக்குப் பின், எரிபொருள் சிக்கனம் தேடிய உலகம் இந்தப் பூட்டுக் கிளச்சையே மீண்டும் கையாளத் தொடங்கியது.

ஒரே ஆண்டில் எல்லாம் புதிது

1952-இல் ஜேம்ஸ் நான்ஸ் என்பவர் தலைவரானார். பின்தங்கிய நிறுவனத்தை விரைந்து முன்னேற்ற வேண்டும் என்ற துடிப்பு அவருக்கு. அதற்கிடையே ஓர் இடி விழுந்தது. பாக்கார்டு கார்களின் மேற்கூடுகளைச் செய்து தந்த பிரிக்ஸ் நிறுவனத்தின் ஆலைகளை, 1953 முடிவில் போட்டி நிறுவனமான கிரைஸ்லர் வாங்கிவிட்டது. மேற்கூட்டுக்கு வேறு வழி தேட வேண்டிய நெருக்கடி. கோனர் அவென்யூ என்ற இடத்தில் இருந்த ஒரு சிறிய ஆலையை எடுத்து, 1955 மாதிரிக்கான மேற்கூட்டு வேலையையும் கார் பூட்டும் வேலையையும் அவசர அவசரமாக அங்கே மாற்றினார்கள். பழைய ஆலை 30 லட்சம் சதுர அடிக்கும் மேற்பட்ட பரப்புடையது. புதிய இடமோ அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

அதே 1955 மாதிரியில் எஞ்சின் புதிது. கியர் அமைப்பு திருத்தியது. சக்கரங்களைத் தாங்கும் வில்லமைப்பும் முற்றிலும் புதிது. அந்த வில்லமைப்பு வில்லியம் ஆலிசன் என்பவரின் படைப்பு. வழக்கமான காரில் முன்சக்கரம் மேட்டில் ஏறினால் முன்பக்கம் மட்டும் தூக்கும். அடுத்துப் பின்பக்கம் தூக்கும். வண்டி படகுபோல் ஆடும். ஆலிசன், ஒரே பக்கத்து முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் நீண்ட எஃகுத் தண்டு ஒன்றினால் இணைத்தார். முன்சக்கரம் ஏறும்போது தண்டு முறுக்குண்டு, அந்த விசை பின்பக்கத்துக்கும் போய்ச் சேரும். முன்பக்கம் மட்டும் தூக்காமல் வண்டி முழுவதும் சமமாக உயர்ந்து தாழும். பின்பெட்டியில் சுமை ஏற்றினால் ஒரு மின்மோட்டார் துணைத்தண்டுகளைத் திருப்பி வண்டியைச் சமநிலைக்குக் கொண்டுவரும். சாலைக் குழிகளுக்கெல்லாம் மோட்டார் துள்ளாமல் இருக்க, ஏழு விநாடி பொறுத்திருந்தே அது வேலை தொடங்கும். எத்தனை நுட்பமான சிந்தனை! அந்தக் காலத்து அமெரிக்கக் கார்களில் இதற்கு இணையான சவாரி அரிது.

ஆனால் வாங்கியவர்கள் கண்டது என்ன? கதவுகள் சரியாகப் பொருந்தவில்லை, மழைநீர் ஒழுகியது. புதிய எஞ்சினில் ‘டக் டக்’ என்ற ஓசை. இந்த ஓசையின் காரணம் மாணவர்களுக்கு நல்ல பாடம். கண்ணாடித் துடைப்பானை இயக்க வெற்றிடம் வேண்டும் என்பதற்காக, ஒரு வெற்றிடப் பம்பை எண்ணெய்ப் பம்போடு சேர்த்து வைத்திருந்தார்கள். அதன் வழியே காற்று கசிந்து எண்ணெயில் குமிழிகளாகக் கலந்தது. வால்வுகளை இயக்கும் தூக்கிகள் எண்ணெய் நிரம்பியவை. எண்ணெய் அழுந்தாது, அதனால்தான் தூக்கி உறுதியாக நிற்கிறது. காற்று அழுந்தும். காற்று கலந்த எண்ணெய் சிக்கிய தூக்கி பஞ்சுபோல் அமுங்கியது. ஓசையும் தேய்மானமும் வந்தன. கண்ணாடியைத் துடைப்பதற்குச் செய்த ஒரு சிறு சேர்க்கை எஞ்சினையே கெடுத்தது!

1956-இல் கியர் மாற்றப் பொத்தான் வைத்தார்கள். பொத்தானை அழுத்தினால் ஒரு மின்மோட்டார் கியரை மாற்றும். சமதரையில் நன்றாகவே மாற்றியது. செங்குத்தான சரிவில் வண்டியை நிறுத்தினால், வண்டியின் எடை முழுவதும் கியர்பெட்டியின் பூட்டுப் பல்லின் மேல் விழும். அந்தப் பல்லை விடுவிக்கும் வலிமை அந்தச் சிறு மோட்டாருக்கு இல்லை. வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு புதிய உறுப்பு, முதலாண்டில் தொல்லை தராமல் இருக்க நூற்றுக்குத் தொண்ணூறு வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். இது மோசமான கணக்கு அன்று. ஆனால் எஞ்சின், கியர், வில்லமைப்பு, மேற்கூடு ஆகிய நான்கும் ஒரே ஆண்டில் புதிது என்றால், நான்குமே தொல்லை தராதிருக்கும் வாய்ப்பு 0.9 × 0.9 × 0.9 × 0.9, அதாவது நூற்றுக்கு ஏறக்குறைய 66. மூன்றில் ஒருவர் ஏதேனும் ஒரு தொல்லையோடு பட்டறைக்கு வருவார். ஆண்டுக்கு ஒரு புதுமையாக நான்கு ஆண்டுகளில் செய்திருந்தால், ஒவ்வொன்றையும் திருத்திக்கொண்டே வந்திருக்கலாம். காலத்தை முன்பு வீணாக்கிய நிறுவனத்துக்கு இப்போது காலம் இல்லை. சோதனைத் திடலில் முடியவேண்டிய வேலை வாடிக்கையாளரின் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. விலை கொடுத்து வாங்கியவரே சோதனை ஓட்டுநர் ஆனார்.

விண்மீன் அணைந்தது

வீழ்ச்சிக்கு வேறு காரணங்கள் இல்லாமல் இல்லை. 1953-54-இல் போர்டும் செவ்ரலேயும் நடத்திய விற்பனைப் போட்டியில் சிறிய நிறுவனங்கள் நசுங்கின. பாக்கார்டின் இராணுவ ஒப்பந்தங்கள் குறைந்தன. 1954-இல் அது வாங்கிச் சேர்த்துக்கொண்ட ஸ்டூடிபேக்கர் நிறுவனம் எதிர்பார்த்ததைவிடப் பெரும் நட்டத்தில் இருந்தது. இவை நிறுவனத்தின் உடலை நலிவித்தன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எனினும் நலிந்த நிறுவனத்தைத் தாங்கக்கூடியவர்கள், தலைமுறையாகப் பாக்கார்டே வாங்கி வந்த குடும்பத்தினர் அல்லவா? அவர்களும் திரும்பி வரவில்லை. 1955 மாதிரியில் ஏறத்தாழ 55,000 கார்கள். 1956 மாதிரியில் 29,000-க்கும் குறைவு. முதலாண்டில் வாங்கியவர்களை மற்றவர்கள் கேட்டார்கள்; அவர்கள் உண்மையைச் சொன்னார்கள்.

1956 ஜூன் 25-ஆம் நாளோடு டெட்ராய்ட்டில் பாக்கார்டு செய்வது நின்றது. 1957, 1958-ஆம் ஆண்டுகளில் இந்தியானா மாநிலத்துச் சவுத் பெண்ட் ஆலையில், ஸ்டூடிபேக்கர் கார்களுக்கே பாக்கார்டு அணிகலன்களைப் பூட்டி விற்றார்கள். கடைசி ஆண்டில் அப்படிச் செய்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. ‘வைத்திருப்பவரைக் கேளுங்கள்’ என்றால், எந்தக் காரை வைத்திருப்பவரை? பெயர் ஒன்று, பொருள் வேறொன்று ஆனபின் அந்த வாசகத்துக்குப் பொருளே இல்லாமல் போயிற்று. 1962-இல் கூட்டு நிறுவனம் தன் பெயரிலிருந்தே பாக்கார்டு என்ற சொல்லை நீக்கிவிட்டது. பல பத்தாண்டுகள் பாழடைந்து கிடந்த பழைய டெட்ராய்ட் ஆலையை 2022-இல் இடிக்கத் தொடங்கினார்கள்.

வருத்தம் தருவது எது தெரியுமா? 1955-ஆம் ஆண்டுப் பாக்கார்டுகளைப் பேணி வைத்திருக்கும் பழங்கார் ஆர்வலர்கள், எண்ணெய்ப் பம்பைத் திருத்தி அமைத்து, மின்தொடர்புகளைச் செப்பனிட்டு, அவற்றை நன்றாகவே ஓட்டி வந்திருக்கிறார்கள். தீர்க்கமுடியாத குறைகள் அல்ல அவை. கருத்தில் பிழை இல்லை; கருத்தைப் பழகிச் செப்பனிடும் பொறுமைக்குத்தான் அங்கே இடமில்லாமல் போயிற்று.

எதைக் கேட்பது?

அப்படியானால் வைத்திருப்பவரைக் கேட்கவே வேண்டாமா? கேளுங்கள், ஆனால் கேட்கும் முறையைத் திருத்திக்கொள்ளுங்கள். “நன்றாக உழைக்கிறதா?” என்று கேட்டால் “உழைக்கிறது” என்றே பதில் வரும். தாம் பணம் கொடுத்து வாங்கிய பொருளை மட்டம் என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. அதற்குப் பதிலாக இப்படிக் கேளுங்கள்: எந்த ஆண்டு வாங்கினீர்கள்? முதலில் எது பழுதாயிற்று? அதைச் சரிசெய்ய எத்தனை நாள் ஆயிற்று? குறை சொன்னபோது விற்றவர்கள் என்ன பதில் சொன்னார்கள்? மறுபடி வாங்குவதானால் இதையே வாங்குவீர்களா? கூடவே, வாங்கி விற்றுவிட்ட ஒருவரையும் தேடிக் கேளுங்கள். அவர் சொல்வதில்தான் பாதி உண்மை இருக்கும்.

நாளை பொறியாளராகப் போகும் மாணவர்களுக்கு ஒரு சொல். நீங்கள் செய்யும் எந்திரத்தில் குறை இருக்கவே செய்யும். குறையற்ற எந்திரம் எங்கும் பிறந்ததில்லை. அந்தக் குறையை முதலில் காண்பவர் யார் என்பதே கேள்வி. உங்கள் சோதனைத் திடலில் நீங்களே கண்டால் அது பாடம். வாங்கியவர் கண்டு வந்து சொன்னால் அது எச்சரிக்கை. சொல்லாமலே வேறு கடைக்குப் போய்விட்டால் அது முடிவு.

1898-இல் ஜேம்ஸ் பாக்கார்டு கிளீவ்லாந்துக்குப் போய்க் குறை சொன்னார். காது கொடுக்காத விண்டனின் நிறுவனம் 1924-இல் கார் செய்வதை நிறுத்தியது. அதற்கு 32 ஆண்டுகளுக்குப் பின், ஒழுகும் கதவோடும் ஓசையிடும் எஞ்சினோடும் பாக்கார்டு விற்பனையாளரின் வாசலில் வந்து நின்றவர்களும் அதே ஜேம்ஸ் பாக்கார்டின் நிலையில்தான் இருந்தார்கள். அவர்கள் தங்களுக்கென்று ஒரு புதிய கார் செய்துகொள்ளவில்லை. அதற்குத் தேவையும் இல்லை. எதிர்த்த தெருவில் காடிலாக் விற்பனை நிலையம் திறந்தே இருந்தது.